படையில்லாத தலைவர்: ஹமீத் கர்சாய் ஆப்கானிஸ்தானின் இடைக்காலப் பொறுப்புக்கு வந்த வழி

தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு, 2001 டிசம்பர் 22 அன்று ஆப்கானிஸ்தானின் இடைக்கால நிர்வாகத் தலைவராகக் காபூலில் பொறுப்பேற்றபோது, ஹமீத் கர்சாயிடம் சொந்தப் படை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அவருக்குக் கீழே பாதுகாப்பு அமைச்சராக அமர்ந்த முகமது ஃபாஹிமிடம் ஆயிரக்கணக்கான வீரர்களும் டாங்கிகளும் இருந்தன. மேற்கே ஹெராத்தில் இஸ்மாயில் கான், வடக்கே அப்துல் ரஷீத் தோஸ்தம் என்று ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு வரிவசூல். இத்தனை பேருக்கும் மேலே, ஆயுதபலம் மிகக் குறைந்தவரைத்தான் உட்கார வைத்தார்கள்.

அவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்பதால்தான் எல்லோரும் அவரை ஏற்றார்கள். அதே காரணத்தால், பதவிக்கு வந்த பிறகு ஒவ்வொரு முடிவையும் பேசிப் பேசி, பங்கு கொடுத்து, ஆளை இடம் மாற்றித்தான் அவர் நிறைவேற்ற வேண்டியிருந்தது. காந்தஹார் பக்கத்தில் கான் எனப்படும் ஒரு குலத்தலைவர் தன் ஊரை நடத்தும் முறையும் இதுவே. கர்சாயின் இடைக்கால ஆட்சியில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த முறையிலிருந்து வந்தவை என்பது எங்கள் கணிப்பு. அதனால் கதையைக் கான் என்ற அந்தக் குலத்தலைவரிடமிருந்து தொடங்குவதே சரி.

கானின் கையில் இருப்பது என்ன

பஷ்தூன் குலங்களின் கான் ஒரு குறுநில மன்னர் மாதிரி என்ற எண்ணம் வெளியே பரவலாக உண்டு. நிலம் நிறைய வைத்திருக்கும் கானுக்குத் தன் குத்தகைக்காரர்கள் மேல் பிடி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குலத்திலுள்ள மற்றக் குடும்பங்களின் பெரியவர்களை அவர் கட்டளையிட்டு நடத்த முடியாது. அவரிடம் சிறை இல்லை; வரி விதிக்கும் உரிமை இல்லை. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எத்தனை நாழிகை, மேய்ச்சல் நிலத்தின் எல்லை எது, கொலைக்குப் பழி வாங்குவதா ஈட்டுத்தொகை பெற்றுச் சமாதானம் ஆவதா என்பன போன்ற வழக்குகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது அவர் வேலை. அரசு அலுவலகத்தில் காரியம் ஆகாமல் நிற்பவனுக்காகப் போய்ப் பேசுவதும் அவர் வேலை. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அடைக்கலம் என்று வந்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சோறு நின்றாலோ, வழக்குகள் தீராமல் இழுத்தாலோ, ஜனம் அடுத்த கான் வீட்டுப் படியேறிவிடும்.

பட்டம் மகனுக்குத் தானாகவும் வந்துவிடாது. பெரியவர்கள் கூடி, இவர்தான் என்று ஒத்துக்கொண்டு தலைப்பாகை கட்ட வேண்டும். தகப்பன் பெயர் உதவும். அது மட்டும் போதாது.

பஷ்தூன்களில் துர்ரானி, கில்சாய் என்று இரண்டு பெரிய கூட்டங்கள். தெற்கே காந்தஹாரைச் சுற்றித் துர்ரானிகளின் ஆதிக்கம் அதிகம். துர்ரானிகளுக்குள் போபல்சாய், பராக்சாய், அலிகோசாய், அச்சக்சாய் ஆகியவை ஸீரக் பிரிவு. நூர்சாய், அலிசாய், இஷாக்சாய் ஆகியவை பஞ்ச்பாய் பிரிவு. இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பங்கீடு எளிதாகப் புரியும். 1747இல் காந்தஹாரில் கூடிய ஜிர்கா (பெரியவர்களின் சபை) அரசராகத் தேர்ந்தெடுத்த அகமது ஷா துர்ரானி, போபல்சாயின் சதோசாய் கிளையைச் சேர்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுரிமை பராக்சாயின் முகமதுசாய் கிளைக்குக் கை மாறியது. கடைசி மன்னர் ஜாஹிர் ஷாவும் அந்தக் கிளைதான். தாலிபான் தலைவர் முல்லா உமரோ கில்சாய்.

கர்ஸ் கிராமத்திலிருந்து

கர்சாய் 1957 டிசம்பர் 24 அன்று காந்தஹாருக்கு அருகே உள்ள கர்ஸ் கிராமத்தில் பிறந்தார். தந்தை அப்துல் அஹத் கர்சாய் போபல்சாய்களின் தலைவர். ஜாஹிர் ஷா காலத்தில் நாடாளுமன்றத்தின் துணைச் சபாநாயகராக இருந்தவர். அண்ணன்மார் அமெரிக்காவில் குடியேறி உணவகத் தொழிலில் இறங்கிவிட்டார்கள். ஹமீத் மட்டும் காபூல் ஹபீபியா பள்ளியில் படித்து முடித்து, சிம்லாவில் இருக்கும் இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 1983 வரை அரசியல் படித்தார். அவர் இந்தியாவில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து நிலைகொண்டது.

படிப்பு முடிந்து பாகிஸ்தானின் பெஷாவர் போனவர், சிப்கத்துல்லா முஜத்திதியின் கட்சியில் சேர்ந்தார். சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட முஜாகிதீன் கட்சிகளில் அது சிறியது. மன்னர் ஆதரவு மனப்பான்மை கொண்டது. கர்சாய் அங்கே துப்பாக்கி ஏந்திய தளபதியாக இல்லை. வெளிநாட்டுத் தூதர்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் பேசுவது, உதவிப் பொருள் ஏற்பாடு செய்வது ஆகியவை அவர் பொறுப்பு. அந்தப் பத்தாண்டில் கிடைத்த அறிமுகங்கள் பின்னால் அவருக்குப் படையைவிட அதிகம் உதவின.

1992இல் முஜாகிதீன் அரசு அமைந்தபோது துணை வெளியுறவு அமைச்சரானார். 1994இல் ஃபாஹிமின் உளவுத்துறை அவரைப் பிடித்துக்கொண்டுபோய் விசாரித்தது. விசாரணை நடந்த கட்டடத்தின் மேல் ராக்கெட் விழுந்து உண்டான குழப்பத்தில் வெளியேறி, பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார். ஏழு ஆண்டு கழித்து அதே ஃபாஹிமைத்தான் தன் பாதுகாப்பு அமைச்சராக வைத்துக்கொண்டு ஆள வேண்டியிருந்தது.

காந்தஹாரில் தாலிபான் எழுந்தபோது கர்சாய் அவர்களை ஆதரித்தார். இதை அவர் பின்னாளில் மறைக்கவும் இல்லை. தளபதிகளின் சுங்கச்சாவடிகளாலும் கொள்ளையாலும் நொந்துபோயிருந்த தெற்கில் பல கான்கள் அப்படித்தான் நினைத்தார்கள். தாலிபான் அரசின் ஐ.நா. தூதர் பதவிக்கு அவர் பெயர்கூட அடிபட்டது. பிறகு வெளிநாட்டவரின் பிடி அந்த இயக்கத்தில் இறுகுவதாகக் கருதி விலகினார். தந்தையும் மகனும் பாகிஸ்தானின் குவெட்டாவில் இருந்தபடி, ஜாஹிர் ஷாவின் பெயரில் ஒரு லோயா ஜிர்காவை, அதாவது நாடு முழுவதற்குமான பெருஞ்சபையை, கூட்ட ஆதரவு திரட்டத் தொடங்கினார்கள்.

1999 ஜூலை 14 அன்று அப்துல் அஹத் குவெட்டாவில் மசூதியிலிருந்து திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தையைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்ய, ஹமீத் பெரிய வாகன அணியோடு எல்லை தாண்டித் தாலிபானின் காந்தஹாருக்குள்ளேயே போனார். தாலிபான் தடுக்கவில்லை. பிணத்தோடு வரும் குலத்தைத் தடுத்திருந்தால் போபல்சாய்கள் எல்லோரையும் பகைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். பெரியவர்கள் ஹமீதையே தலைவராக ஏற்றார்கள். அமெரிக்காவிலிருந்த அண்ணன்மார் யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை.

உருஸ்கானில் ஐந்து வாரம்

2001 கோடையில் பாகிஸ்தான் அவருக்கு விசாவைப் புதுப்பிக்க மறுத்தது. அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலைத் தொடர்ந்து, அக்டோபர் 7 அன்று தாலிபான் மேல் அமெரிக்க விமானத் தாக்குதல் தொடங்கியது. மறுநாள் கர்சாய் சில துணையாட்களோடு மோட்டார் சைக்கிளில் எல்லையைக் கடந்தார். கையில் ஒரு சாட்டிலைட் போன்.

காந்தஹாரிலேயே தங்காமல் வடக்கே உருஸ்கான் மலைப்பகுதிக்குப் போனதில் கணக்கு இருந்தது. அங்கே போபல்சாய் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. ஒளிந்துகொள்ள மலை இருந்தது. முல்லா உமர் வளர்ந்த மாகாணம் அது; தலைநகரான தரின் கோட் விழுந்தால், தாலிபானின் சொந்த வீடே போய்விட்டது என்று தெற்கு முழுவதும் செய்தி பரவும்.

வீடு வீடாகத் தங்கி, பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியதில் அவருக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அமெரிக்கா உங்கள் பின்னால் நிற்கிறதா இல்லையா? நிற்கிறது என்றால் காட்டுங்கள். தாலிபான் மேல் கோபம் இருந்தாலும், தோற்கும் பக்கத்தில் சேர்ந்து பிள்ளைகளைப் பலிகொடுக்க யாரும் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அதே அக்டோபரில் கிழக்கே இதேபோல் உள்ளே நுழைந்த புகழ்பெற்ற தளபதி அப்துல் ஹக்கைத் தாலிபான் பிடித்து, 26ஆம் தேதி கொன்றுபோட்டது. உதவி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

கர்சாய்க்குச் சேர்ந்தது. அக்டோபர் இறுதியில் விமானத்திலிருந்து ஆயுதமும் உணவும் போடப்பட்டன. தாலிபான் நெருங்கியபோது நவம்பர் தொடக்கத்தில் ஹெலிகாப்டர் வந்து அவரைப் பாகிஸ்தானின் ஜக்கோபாபாத் தளத்துக்குத் தூக்கிச் சென்றது. நவம்பர் 14 அன்று கேப்டன் ஜேசன் அமரைன் தலைமையிலான சிறிய சிறப்புப்படைக் குழுவோடு திரும்பி வந்தார். 16ஆம் தேதி தரின் கோட் மக்களே எழுந்து தாலிபான் கவர்னரைக் கொன்றார்கள். கர்சாய் ஊருக்குள் போனார்.

அடுத்த நாள் விடியற்காலை காந்தஹாரிலிருந்து தாலிபான் அணி கிளம்பி வந்தது. நூறு வாகனங்கள் வரை, பல நூறு ஆட்கள். அமெரிக்கக் குழு தெற்கே ஒரு மேட்டில் நின்று விமானங்களை வரவழைத்துக் குண்டு போட ஆரம்பித்தது. கூட வந்த ஆப்கன் ஆட்களோ, எதிரே எழுந்த புழுதியைப் பார்த்ததும் வண்டிகளைக் கிளப்பிவிட்டார்கள். வண்டி போனால் போக்கிடம் இல்லை என்பதால் அமெரிக்கர்களும் ஏறிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். கர்சாயிடம் நிலைமையைச் சொல்லி, மீண்டும் வண்டி வாங்கி, ஊர் எல்லைக்குப் போய் நின்றுதான் அந்த அணியை உடைத்தார்கள். விமானத்தின் வலிமையை அந்த ஆட்கள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. ஓடியதற்கு அதுவே காரணம். அன்று மாலையிலிருந்து நிலைமை தலைகீழ். மாகாணம் முழுவதிலிருந்தும் பெரியவர்கள் கர்சாயைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்ட சான்று கிடைத்துவிட்டது.

பான் மாநாடு

நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே பீட்டர்ஸ்பெர்க் விடுதியில் ஐ.நா. பேச்சுவார்த்தை தொடங்கியது. நடத்தியவர் ஐ.நா. சிறப்புத் தூதர் லக்தார் பிராஹிமி. நான்கு தரப்பு வந்தது: தாலிபானை எதிர்த்துப் போரிட்ட படைகளின் வடக்குக் கூட்டணி, ரோமில் வாழ்ந்துவந்த முன்னாள் மன்னர் ஜாஹிர் ஷாவின் ரோம் குழு, ஈரானோடு நெருக்கமான சைப்ரஸ் குழு, பாகிஸ்தானில் இருந்த அகதிகள் சார்பில் பெஷாவர் குழு. தாலிபானுக்கு அழைப்பில்லை. முதல் நாளே கர்சாய் உருஸ்கானிலிருந்து சாட்டிலைட் போனில் மாநாட்டில் பேசினார். மண்டபத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள். பேசியவரோ போர்க்களத்தில் இருந்தார். அந்த வேறுபாடு எல்லோர் மனதிலும் பதிந்தது.

தலைமை எப்படி முடிவானது என்பதைக் கழித்துக்கொண்டே வந்து பார்க்க வேண்டும். காபூல் வடக்குக் கூட்டணி கையில் இருந்தது. ஆனால் அதன் தலைவர்களில் பெரும்பான்மையோர் தாஜிக், உஸ்பெக், ஹஸாரா இனத்தவர். தலைமையும் அவர்களுக்கே போனால் தெற்கு ஏற்காது. எனவே பஷ்தூன் ஒருவர் வேண்டும். ஜாஹிர் ஷாவுக்கு வயது 87. ரோம் குழு தனக்குள் நடத்திய தேர்வில் முன்னாள் அமைச்சர் அப்துல் சத்தார் சீரத்தையே பெரும்பான்மையாக ஆதரித்தது. அவர் உஸ்பெக் இனத்தவர் என்பதால் பஷ்தூன் பிரச்சினை தீரவில்லை. வடக்குக் கூட்டணியும் ஒப்பவில்லை. கர்சாய் பெயருக்கு மட்டும் அமெரிக்கா, ஈரான், ரஷ்யா, இந்தியா என எந்தப் பக்கமும் பலத்த மறுப்பு எழவில்லை. அந்தப் பத்தாண்டு பெஷாவர் அறிமுகங்கள் இங்கேதான் பலன் கொடுத்தன.

அதற்கு விலை அமைச்சகங்கள். வடக்குக் கூட்டணிப் பிரதிநிதி யூனுஸ் கானூனி 24இல் 18 கேட்டுப் பிடிவாதமாக நின்றார். மாநாடு முறியும் கட்டத்தில், ஈரான் தூதர் ஜாவத் ஸரீஃப் அவரைத் தனியே அழைத்துப் பேசிய பிறகே எண்ணிக்கை சற்று இறங்கியது. பாதுகாப்பு ஃபாஹிமுக்கு, உள்துறை கானூனிக்கு, வெளியுறவு அப்துல்லா அப்துல்லாவுக்கு. துப்பாக்கியும் போலீசும் உளவும் ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்த பஞ்ச்ஷேர் ஆட்களிடம் போயின. பஷ்தூன்களுக்குப் போதிய இடமில்லை என்று வடக்குக் கூட்டணிக் குழுவிலிருந்த பஷ்தூன் தலைவர் ஹாஜி அப்துல் கதீர் மாநாட்டின் நடுவிலேயே வெளியேறினார்.

ஒப்பந்தம் கையெழுத்தான டிசம்பர் 5 அன்று காலை, காந்தஹாருக்கு வடக்கே ஷா வலி கோட் பகுதியில் கர்சாய் இருந்த இடத்தின் மேலேயே 2,000 பவுண்டு எடையுள்ள அமெரிக்கக் குண்டு விழுந்தது. இலக்கைக் குறித்த ஜி.பி.எஸ். கருவியில் பேட்டரியை மாற்றினால், அது எதிரியின் இடத்தை விட்டுவிட்டுத் தான் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும். அதைக் கவனிக்காமல் அந்த எண்களையே விமானத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று அமெரிக்க வீரர்களும் ஆப்கன் போராளிகள் பலரும் இறந்தார்கள். கர்சாய்க்கு முகத்தில் சிறு காயம். பதவி கிடைத்த செய்தி போனில் வந்ததும், சரணடைவது பற்றிப் பேசத் தாலிபான் தரப்பினர் வந்ததும் அதே நாளில்தான்.

காந்தஹார் பங்கீடு

கர்சாய் நடத்திய முதல் அரசு காரியம் காபூலுக்கு வெளியே, தன் சொந்த ஊரில் நடந்தது. தாலிபான் நகரத்தை அலிகோசாய் தளபதி முல்லா நக்கீபுல்லாவிடம் ஒப்படைப்பது என்று பேச்சு. ஆனால் பராக்சாய் தளபதி குல் ஆகா ஷெர்சாய், வேறொரு அமெரிக்கக் குழுவின் துணையோடு தெற்கிலிருந்து வந்து, டிசம்பர் 7 அன்று கவர்னர் மாளிகையில் உட்கார்ந்துகொண்டார். இரு படையும் மோதும் நிலை.

கர்சாய் பெரியவர்களைக் கூட்டி உட்கார்ந்து பேசினார். முடிவு இப்படி அமைந்தது: கவர்னர் பதவி பராக்சாய் ஷெர்சாய்க்கு, படைப்பிரிவுத் தளபதி பதவி நக்கீபுல்லாவின் ஆளான அலிகோசாய் கான் முகமதுக்கு, நாட்டின் தலைமை ஏற்கெனவே போபல்சாயிடம். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. கான் என்ற முறையில் பார்த்தால் இது அருமையான பஞ்சாயத்து. ஆனால் பங்கு பெற்ற மூன்று குலமும் ஸீரக் பிரிவு. நூர்சாய், இஷாக்சாய், அலிசாய், கில்சாய் குலங்கள் எங்கே என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. தாலிபானில் அதிகம் சேர்ந்திருந்தவர்கள் அந்தக் குலங்களின் பிள்ளைகள்.

ஆறு மாதம், காலி கஜானா

இடைக்கால நிர்வாகம் என்பது தலைவர், ஐந்து துணைத் தலைவர்கள், 24 உறுப்பினர்கள் என 30 பேர். கூட்டத்துக்குக் குறைந்தது 22 பேர் இருக்க வேண்டும். ஒருமித்த முடிவுக்கு முயல வேண்டும், முடியாவிட்டால் வாக்கெடுப்பு, வாக்குகள் சமமானால் மட்டும் தலைவரின் வாக்கு தீர்மானிக்கும். ஆக, காகிதத்திலும் அவர் ஜிர்காவின் தலைமைப் பெரியவர்தான். மன்னராட்சிப் பகுதிகளை நீக்கிய 1964 அரசியலமைப்பு நடைமுறையில் இருக்கும். ஆறு மாதத்துக்குள் அவசர லோயா ஜிர்கா, அதன் பிறகு இரண்டு ஆண்டுக்குள் தேர்தல். காபூலை விட்டு எல்லாப் படைகளும் விலக வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஃபாஹிமின் படை விலகவில்லை. பிரிட்டன் தலைமையில் வந்த சர்வதேசப் படைக்குக் காபூலைத் தாண்ட அனுமதி இல்லை.

கர்சாய் உடுத்திய உடையை வெளிநாட்டு ஊடகங்கள் அழகென்று கொண்டாடின. அவருடைய உடை நன்கு யோசித்துச் சேர்த்தது. காபூல் மேட்டுக்குடியினரின் கராக்குல் தொப்பி, வடக்கின் உஸ்பெக், துர்க்மென் மக்கள் போடும் சப்பான் அங்கி, உள்ளே பஷ்தூன் நீளச்சட்டை. உருஸ்கானில் தலைப்பாகையோடு இருந்தவர் காபூலில் அதைக் கழற்றினார். பேச்சிலும் பஷ்தோவும் தாரியும் மாறி மாறி வந்தன.

பணம் இல்லை. அரசு ஊழியர்கள் பல மாதச் சம்பளம் பார்க்காதவர்கள். 2002 ஜனவரியில் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. அது பல ஆண்டுகளுக்கானது, பெரும்பகுதி ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போனது. எனவே கவர்னர்களுக்குக் கர்சாய் தர முடிந்தது ஒரு நியமனக் கடிதம் மட்டுமே.

கடிதம் மட்டும் போதாது என்பதைப் பக்தியா மாகாணம் சீக்கிரமே காட்டியது. பானில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பாச்சா கான் சத்ரானை அங்கே கவர்னராக நியமித்தார். மாகாணத் தலைநகர் கார்தேஸின் ஷூரா (உள்ளூர்ப் பெரியவர்கள் சபை) அவரை ஏற்கவில்லை. 2002 ஜனவரி இறுதியில் அவர் படையோடு நுழைய, இரண்டு நாள் சண்டை, பலர் சாவு, கடைசியில் துரத்தப்பட்டார். கர்சாய் அவரை நீக்கிவிட்டு, முதியவரான தாஜ் முகமது வர்தக்கை அனுப்பினார். ஏப்ரலில் சத்ரான் கார்தேஸின் மேல் ராக்கெட் வீசினார். உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்காமல் ஆள் அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு கானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பான் கூட்டாளிக்குப் பங்கு தர வேண்டிய நெருக்கடி அந்த அறிவை மறைத்துவிட்டது.

கூடாரத்தில் நடந்த வாக்கெடுப்பு

அவசர லோயா ஜிர்காவை 21 பேர் கொண்ட தனி ஆணையம் ஏற்பாடு செய்தது. இரண்டு கட்டத் தேர்வு: மாவட்டங்கள் முதலில் வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கும், அவர்கள் கூடித் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். திட்டமிட்ட எண்ணிக்கை 1,501. அதில் 160 இடம் பெண்களுக்கு. கடைசி நேரத்தில் கவர்னர்களும் தளபதிகளும் கூடுதலாக உள்ளே விடப்பட்டார்கள். கூட்டம் நடந்த கூடாரத்துக்குள் உளவுத்துறை ஆட்கள் நடமாட, பேச எழுந்த பிரதிநிதிகள் மிரட்டப்பட்டார்கள். தளபதிகளை ஓரங்கட்ட வந்த வாய்ப்பு அங்கேயே பாதி போய்விட்டது.

ஜூன் 10 அன்று தொடங்க வேண்டியது ஒரு நாள் தள்ளிப்போனது. ஜாஹிர் ஷாவையே நாட்டுத் தலைவராக்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பிரதிநிதிகள் நின்றார்கள். வடக்குக் கூட்டணிக்கு அது கூடாது. அமெரிக்கச் சிறப்புத் தூதர் ஸல்மாய் கலீல்சாத் மன்னர் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். மன்னருக்குத் 'தேசத் தந்தை' என்ற பட்டம் மிஞ்சியது. பஷ்தூன் பிரதிநிதிகள் பலருக்கு அந்த அவமானம் ஆறவில்லை. ஜூன் 13 அன்று நடந்த ரகசிய வாக்கெடுப்பில் கர்சாய் 1,295 வாக்கு பெற்றார். மருத்துவர் மசூதா ஜலால் 171, மஹ்ஃபூஸ் நிதாயி 89. ஒரு பெண் நாட்டின் தலைமைக்குப் போட்டியிட்டு அத்தனை ஆண்களிடையே 171 வாக்கு வாங்கியது அந்தக் கூடாரத்தில் நடந்த மிக நல்ல செய்தி.

பெரும்பான்மை இருந்தும் அமைச்சரவையில் ஃபாஹிமின் இடம் அசையவில்லை. துணைத் தலைவர் ஹாஜி கதீர் ஜூலை 6 அன்று காபூலில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 5 அன்று காந்தஹாரில் கர்சாயின் வண்டி மேலேயே சூடு விழுந்தது. உடனிருந்த ஷெர்சாய்க்குக் காயம். அதற்குள் கர்சாயின் பாதுகாப்பு அமெரிக்கர் கைக்குப் போயிருந்தது. தன் குலத்து ஆட்களாலும், தன் அரசின் படையாலும் காக்கப்பட முடியாத தலைவர் என்று எதிரிகள் பேச அது இடம் கொடுத்தது.

நீக்காமல் நகர்த்துவது

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2002 அக்டோபர் 7 முதல் 2003 ஜனவரி 2 வரை நாணய மாற்றம் நடந்தது. பழைய ஆயிரம் ஆப்கனிக்குப் புதிய ஒன்று. வடக்கே தோஸ்தம் தரப்பு தனியாக அச்சடித்துவிட்ட நோட்டுக்கு இரண்டாயிரத்துக்கு ஒன்று. வங்கிக் கிளைகள் இல்லாத நாட்டில் ஹவாலா வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டே இதை முடித்தார்கள். தளபதிகள் இனி நோட்டடித்துப் படை நடத்த முடியாது. போர்க் காலத்தின் ஒரு வழி அடைபட்டது.

சுங்க வருவாய் அவ்வளவு எளிதாக வரவில்லை. ஈரான் எல்லையில் இஸ்லாம் கலா, துர்க்மெனிஸ்தான் எல்லையில் தோர்குண்டி ஆகிய சாவடிகளின் பணம் ஹெராத்தில் இஸ்மாயில் கானிடமே தங்கியது. 2003 மே மாதம் கர்சாய் கவர்னர்கள் பன்னிரண்டு பேரைக் காபூலுக்கு வரவழைத்து, பணம் வராவிட்டால் பதவி விலகி மீண்டும் லோயா ஜிர்கா கூட்டுவேன் என்றார். கையெழுத்துப் போட்டார்கள். நிதியமைச்சர் அஷ்ரஃப் கனி ஹெராத்துக்கே போய் இரண்டு கோடி டாலர் வாங்கி வந்தார். இஸ்மாயில் கானை நீக்க 2004 செப்டம்பர் வரை காத்திருந்தார் கர்சாய். நீக்கிய பிறகு மின்சார, நீர்வள அமைச்சர் பதவி கொடுத்தார்.

ஷெர்சாய் விஷயமும் அப்படியே. 2003 ஆகஸ்டில் காந்தஹாரிலிருந்து காபூலுக்கு அமைச்சராக. 2004 டிசம்பரில் மறுபடி காந்தஹார். 2005இல் நங்கர்ஹார் கவர்னர். யாரையும் முழுதாக வெறுங்கையோடு அனுப்பாமல் இருந்தால் பகை மூளாது என்பது கானின் பாடம். சண்டை வராமல் தடுத்ததில் அது பலித்தது. ஆனால் ஊழல் செய்தாலும் அடித்துப் பறித்தாலும் அடுத்த பதவி காத்திருக்கிறது என்பதையும் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். 2004 ஜனவரியில் வந்த அரசியலமைப்பு, கவர்னர் நியமனம் உட்பட எல்லாவற்றையும் குடியரசுத் தலைவர் ஒருவர் கையில் குவித்தபோது இந்தப் பழக்கத்தின் கேடு இன்னும் பெரிதானது. 2004 அக்டோபர் 9 தேர்தலில் 55.4 சதவீதம் வாக்கோடு கர்சாய் வென்றார், இடைக்காலம் முடிந்தது.

சொல் நிற்காத இடம்

எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி, அவர் புறப்பட்ட உருஸ்கானுக்கே நேர்ந்தது. 2001 டிசம்பர் 6 அன்று கர்சாய் சாதாரணத் தாலிபான்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். தோற்றவன் வந்து நின்றால் மன்னித்து வீட்டுக்கு அனுப்புவது குல மரபு. மன்னித்தவர் சொல்லுக்கு அவர் உயிர் ஜாமீன். ஆனால் முல்லா உமர் சுதந்திரமாக வாழும்படியான எந்த உடன்பாட்டையும் ஏற்க மாட்டோம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அன்றே சொன்னார். 2002 பிப்ரவரியில் காந்தஹாரில் தானாக வந்து சரணடைந்த தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தவக்கில் அமெரிக்கச் சிறைக்குப் போனார். அடுத்து வர நினைத்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பே, ஜனவரியில், உருஸ்கானில் கர்சாய் அரசுக்காக ஆயுதம் சேகரித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அமெரிக்கச் சிறப்புப்படை இரவில் பாய்ந்தது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். பிடித்துச் சென்ற 27 பேரையும் தவறான ஆட்கள் என்று இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். ஜூலை 1 அன்று அதே மாகாணத்தின் தே ராவுத்தில் கல்யாண வீட்டின் மேல் விமானத் தாக்குதல். 48 பேர் இறந்ததாக ஆப்கன் அரசு சொன்னது. கான் வாக்குக் கொடுத்த ஊரில், அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

உருஸ்கான் கவர்னராகத் தன் தந்தையின் காலத்து நண்பரும் போபல்சாயுமான ஜான் முகமதைக் கர்சாய் வைத்தார். தாலிபான் சிறையிலிருந்து வெளிவந்தவர் அவர். பழைய கணக்குகளும் அவரிடம் நிறைய இருந்தன. கில்சாய் பெரியவர்களையும் பஞ்ச்பாய் பெரியவர்களையும் தாலிபான் என்று அமெரிக்கர்களிடம் காட்டிக்கொடுத்து வேட்டையாடினார் என்ற புகார் ஆண்டுதோறும் கூடியது. மன்னிப்பு நம்பி வீட்டில் உட்கார்ந்தவர்கள் பாகிஸ்தானுக்கு ஓடினார்கள். 2006இல் படை அனுப்ப வந்த நெதர்லாந்து, அவரை மாற்றினால்தான் வருவோம் என்றது. கர்சாய் அவரை நீக்கிக் காபூலுக்கு அழைத்துத் தன் ஆலோசகராக வைத்துக்கொண்டார். அதற்குள் தரின் கோட்டைச் சுற்றிய கிராமங்கள் பலவற்றில் தாலிபான் மீண்டும் கால் ஊன்றிவிட்டது. பான் மாநாட்டுக்குத் தாலிபானை அழைக்காதது தவறு என்று அதை நடத்திய பிராஹிமியே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். 2001 டிசம்பரில், காந்தஹாருக்கு வெளியே, கர்சாய் அவர்களோடு பேசத்தான் செய்தார். பேசியதை நிறைவேற்ற அவருக்கு ஒரு படை வேண்டியிருந்தது.